அம்மாவின் பயணக் காப்புறுதி

நான் வேலை செய்வது மெல்பேர்னுக்கு மேற்கே வெரிபீயில், ஒரு கிளினிக்கின் முன்மேசையில். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவத்தையும் பேனாவையும் நீட்டி, இதற்கு முன் என்னென்ன வருத்தம், வியாதி இருந்ததோ ஒளிக்காமல் எழுதுங்கள் என்று சொல்வது என் வேலையில் பாதி. எங்கள் தமிழ் ஆட்கள் அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். உள்ளே போனதும் வைத்தியர் பத்து வருடத்துச் சர்க்கரை வியாதியையும் ஒரு பைபாஸையும் கண்டுபிடித்துவிட்டு, கதவைத் திறந்து என்னை முறைப்பார். இந்தக் கதைகளை வீட்டில் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகு வருவதை எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அம்மாவுக்குப் பயணக் காப்புறுதி எடுத்தது எங்கள் டார்னெய்ட் வீட்டுக் குசினியில், ஒரு சனிக்கிழமை காலை. பிரான்சில் லூர்து மாதாவிடம் போக விமானச் சீட்டு எடுத்தாயிற்று. பாரிஸில் இருக்கும் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, லூர்தில் தங்குவதற்கு இடமும் பிடித்துவிட்டார். மிச்சம் காப்புறுதி ஒன்றுதான். ஐரோப்பாவில் சில நாடுகளோடு எங்கள் அரசாங்க வைத்தியத் திட்டமான மெடிகேருக்கு உடன்பாடு உண்டு. இத்தாலியில் விழுந்தால் அவசர வைத்தியம் பார்த்து அனுப்புவார்கள். பிரான்சோடு அப்படி எதுவும் கிடையாது. அம்மா ரோமாபுரிக்குப் போக ஆசைப்பட்டிருந்தால் என் பாடு கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஆசைப்பட்டது லூர்துக்கு.

நான் கணினியில் ஒவ்வொரு கேள்வியாகப் பதில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். ஆங்கிலம் பேச வராது, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பார். புற்றுநோய் இருப்பதாக எந்த வைத்தியராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரா, ஆம், இல்லை, என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கான்சர் எண்டெல்லோ போட்டுக் கிடக்கு. என்னவாம்?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்றேன்.

"இல்லை எண்டு போடு. எங்கட பரம்பரையிலயே அது ஒருத்தருக்கும் வந்ததில்லை," என்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த நெத்தலியை எடுத்தார்.

நான் இல்லை என்பதை அழுத்தினேன். அம்மாவின் பெருங்குடலில் புற்றுநோய் கண்டுபிடித்து, அது ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்று தெரிந்து, அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு அது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நானும் மாமாவும். எங்கள் சனத்தில் இது புதினமான காரியம் இல்லை. நோயாளியின் முன்னால் அந்தச் சொல்லை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அந்த வருத்தம் என்பார்கள், அல்லது குரலைத் தாழ்த்திக் கண்ணைக் காட்டுவார்கள். பாரிஸில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், வைத்தியர் உண்மையைச் சொன்ன மாதமே செத்துப்போனாராம். "அக்காட்ட சொல்லிப்போடாதை பிள்ளை. சொன்னா மனம் விட்டிடுவா," என்று மாமா டெலிபோனில் அழுதார். அந்த மனிதர் வருத்தத்தால் செத்தாரா, சொன்னதால் செத்தாரா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் சொல்லாமல் விடுவதுதான் வசதியாக இருந்தது.

நிபுணரிடம் போன நாளில், மொழிபெயர்ப்பாளரை டெலிபோனில் எடுக்கட்டுமா என்று அவர் கேட்டார். அம்மாவே என்னைக் காட்டி, மகள் இருக்கிறாள், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். வைத்தியர் அம்மாவின் கண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். இது சுகமாகக்கூடிய நோய் இல்லை, குளிசையால் கொஞ்சக் காலத்தைத் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடலில புண்ணாம் அம்மா. ஈரலும் கொஞ்சம் வீங்கி இருக்காம். குளிசை குடிச்சா ஆறுமாம்," என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பி அவருக்கு நன்றி சொன்னார்.  வைத்தியர் என்னிடம், உங்கள் அம்மா மிகவும் தைரியசாலி என்றார். அதை மட்டும் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன்.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு நாளும் பொழுதும் தீனி போட வேண்டியிருக்கிறது. குளிசை தொடங்கி இரண்டாம் மாதம் அம்மாவின் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. பாத்திரம் கழுவும் சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு கழுவினார், அப்படியும் உரிந்தது, சவுக்காரத்தை மாற்றினோம். குளிசைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, மாத்திரையை வெறும் போத்தலில் நிரப்பி வைத்தேன். வைத்தியரிடம் போகும்போதெல்லாம் நான்தான் இரண்டு பக்கத்துக்கும் வாய். அம்மா அவரிடம் கேட்கச் சொன்ன கேள்விகளை மாற்றினேன், அவர் சொன்ன பதில்களையும் மாற்றினேன். சில நாட்களில் அவர்கள் இருவரும் இரண்டு வேறு வருத்தங்களைப் பற்றிப் பேசி, இரண்டு பேரும் திருப்தியாக எழும்புவார்கள்.

எங்காவது போக விருப்பமிருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள், குளிசைக்கு ஒரு இடைவெளி தருகிறேன் என்று வைத்தியர் சொன்னதும் லூர்துதான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு அது எத்தனையோ வருடத்து ஆசை. எனக்கும் மாமாவுக்கும் வேறு கணக்கு. அந்த மாதாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் ஏதாவது நடக்காதா என்று உள்ளுக்குள் நம்பினோம். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவுகளை வாசித்து அடுக்குகிறவள்தான் நான், எண்கள் என்ன சொல்கின்றன என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நம்பினேன்.

காப்புறுதிக்காரர்களை வேலை இடத்திலிருந்து கூப்பிட்டுப் பதிலைத் திருத்திவிடுவேன் என்றுதான் அந்தச் சனிக்கிழமை நினைத்தேன். திங்கள் வந்தது, அதற்கடுத்த திங்களும் வந்தது. திருத்தினால் அந்த நோய்க்குக் காப்பு இல்லை என்பார்கள், அல்லது அம்மாவையே எடுக்க மாட்டோம் என்பார்கள். கடிதம் வீட்டுக்கு வரும், அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார். இவையெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணம் இதைவிட வெட்கக்கேடானது. கணினித் திரையில் அம்மாவின் பெயருக்கு நேரே அந்த நோய் இல்லை என்று எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை என் கையால் அழிக்க மனம் வரவில்லை.

பாரிஸில் மூன்று நாள் நின்றுவிட்டு மாமாவோடு ரயிலில் லூர்துக்குப் போனோம். அம்மா அங்கே ஓய்வில்லாமல் நடந்தார். மாதா காட்சி கொடுத்த பாறைக் குகையான கெபிக்கு முன்னால் வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார், இருக்கச் சொன்னாலும் இருக்கவில்லை. பாறையைக் கையால் தடவி அந்தக் கையை முகத்தில் ஒற்றிக்கொண்டார். சக்கர நாற்காலிகளில் வந்த நோயாளிகளுக்கு வழிவிட்டு, பாவம் இந்தச் சனங்கள், பாவம் என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கினார். நான் பின்னால் நின்று மாதாவிடம் என்னென்னவோ பேரம் பேசினேன். மாமா முழங்காலில் நின்று சத்தமாக அழுதார், அவர் எதற்கெடுத்தாலும் அழுகிறவர் என்பதால் அம்மா அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் விடிய அம்மா வாந்தி எடுத்தார். நல்லாய் வேர்த்திருந்தது, உடம்பு நடுங்கியது. யன்னல் சீலையை விலக்கியபோதுதான் கண்களைப் பார்த்தேன். வெள்ளை முழுவதும் மஞ்சளாகியிருந்தது.

மாமா அம்புலன்ஸைக் கூப்பிட்டார். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒருவரும் முதலில் காப்புறுதியைப் பற்றிக் கேட்கவில்லை. ஊசி ஏற்றி, ஸ்கேன் எடுத்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, இவ்வளவும் நடந்த பிறகுதான் அலுவலகத்துப் பெண் படிவத்தோடு வந்தார், மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துக்கொண்டு. என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசிய ஒரு இளம் பெண் வைத்தியர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஈரலில் வளர்ந்தது பித்தக் குழாயை அடைத்திருக்கிறது, ஒரு சிறிய குழாய் வைத்தால் கொஞ்ச நாளைக்கு மஞ்சள் இறங்கும். வீட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் அந்தக் கொஞ்ச நாளைக்குள் போய்விட வேண்டும். தனியாக விட முடியாது, படுத்த நிலையில், ஒரு தாதி கூடவே போக வேண்டும். இதையெல்லாம் உங்கள் காப்புறுதிக்காரர்கள் ஒழுங்கு செய்வார்கள், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அம்மாவை உயிரோடு மெல்பேர்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை. அப்பாவை வெரிபீயில் அடக்கியிருக்கிறோம், பக்கத்து இடம் அம்மாவுக்கு. பெயர் தெரியாத ஊரில், பாஷை தெரியாத கட்டிலில் அம்மா போய்விடக் கூடாது.

மாமா என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வழி சொன்னார். மாமியின் பிரெஞ்சு சுகாதார அட்டையைக் கொடுத்து, அம்மாதான் மாமி என்று பதிந்துவிடலாமாம். "வெள்ளையளுக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே முகம்தானே," என்றார். மாமிக்கு அம்மாவைவிடப் பதினைந்து வயது குறைவு, அம்மாவின் கடவுச்சீட்டை ஏற்கெனவே பிரதி எடுத்தாயிற்று, அட்டை விமானத்தில் தாதியை ஏற்றி அனுப்பவும் மாட்டாது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கழிந்த முதல் மூன்று நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் காலை காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்தைக் கூப்பிட்டேன். மெல்பேர்ன் குரலில் ஓர் ஆண் பேசினார், நல்ல மனிதர். நிறுவனத்துக்கு ஆஸ்பத்திரி அறிக்கை போய்ச் சேர்ந்திருந்தது. இந்த நோய் எப்போதிருந்து என்று கேட்டார். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் அம்மாவின் வைத்தியரிடம் ஒரு தாளைக் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படித் தாள் அனுப்புவது என் தினசரி வேலை. ஆகவே சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாது, நாங்கள் அவரிடம் சொல்லவில்லை என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பயணம் செய்கிறவருக்கே தன் நோய் தெரியாது என்றால் அதைத் தனியாகப் பரிசீலிக்க இடம் இருக்கிறது, ஆனால் எந்த வாக்கும் தர முடியாது என்றார். அதை உங்கள் அம்மாவின் வாயாலேயே கேட்க வேண்டும், பதிவாகும் அழைப்பில், வெளி மொழிபெயர்ப்பாளர் மூலம். நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். குடும்பத்தினர் கூடாது என்றார். எங்கள் கிளினிக்கிலும் சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். கட்டிலில் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, எங்கள் பாஷையில் சொல்லியிருக்கலாம். கீழே போய் மெஷினில் கோப்பி எடுத்துக் குடித்தேன். மாமா எதிரே இருந்தார். நீங்கள் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன், நீ சொல்லு என்று அவர் சொன்னார். ஆனால் நான் சொல்லாமல் விட்டதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அம்மா பொய் சொல்ல மாட்டார். நான் முதலில் சொல்லிவிட்டால், எனக்குத் தெரியாது என்று அவரால் அந்த அழைப்பில் சொல்ல முடியாது. தெரியாமல் இருந்தால்தான் அந்தப் பதில் உண்மையாக இருக்கும், அந்தப் பதில் இருந்தால்தான் காப்புறுதி கிடைக்கலாம், கிடைத்தால்தான் அம்மா வீட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் நான் கோப்பிக் கடதாசிக் கோப்பையைப் பிசைந்துகொண்டு தெளிவாக யோசித்தேன். யோசித்துத்தான் சும்மா இருந்தேன்.

மேலே போய், காப்புறுதிக்காரர் பேசப் போகிறார், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி, டெலிபோனை அம்மாவின் போர்வையின் மேல் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். அவர் கேட்பதை அப்படியே உங்களிடம் சொல்வேன், நீங்கள் சொல்வதை அப்படியே அவரிடம் சொல்வேன் என்று ஆரம்பித்தார். தமிழைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நீங்கள் எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கப் போனார். பெயர், பிறந்த நாள், எப்போது புறப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"அம்மா, உங்களுக்குக் குடல்ல கேன்சர் இருக்குன்னு முதல் முதல்ல எப்போ தெரிஞ்சுதுன்னு கேக்கறாரு."

அம்மா முதலில் மாமாவைப் பார்த்தார். மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை வாசிக்க அவருக்கு எழுத்துக்கூட்டத் தேவைப்படவில்லை.

"இப்ப," என்றார். "இப்ப நீங்கள் சொல்லித்தான் பிள்ளை."

  அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னார், ஒரு சொல்லும் குறையாமல். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார், நிறுத்திவிடலாமா என்றும் கேட்டார். நிறுத்த வேண்டாம், கேட்கிறதைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார் அம்மா. படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டார்கள். மகள் என்றார். அப்போது மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டார்கள்.

அம்மா எனக்கு எதிரே ஒரு அடி தூரத்தில் இருந்தார். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று நான் கண்ணாலே கெஞ்சினேன்.

"தெரிஞ்சிருக்குப் போல," என்றார் அம்மா.

டெலிபோனை வைத்தோம். நான் அழுதேன், மாமா அழுதார், அம்மா அழவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். காப்புறுதியைப் பற்றியோ, எவ்வளவு நாள் என்றோ கேட்கவில்லை.

"முந்தநாளே சொல்லியிருக்கலாம்," என்றார். "கெபிக்கு முன்னால நிண்டு, எனக்கு ஒரு குறையுமில்லைத் தாயே, இந்த வருத்தக்காரச் சனத்தைப் பாரும் எண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் திரும்பவும் போவோம், உங்களைக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் பேருந்தில் ஏதோ கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான எழுத்து. பயணி சார்பில் படிவத்தை நிரப்பியவர் நோயை அறிந்திருந்தார் என்பதால், இந்த நோய் தொடர்பான வைத்தியத்தையோ நாடு திரும்பும் ஏற்பாட்டையோ தங்களால் பொறுப்பேற்க முடியாது, இந்தக் கடினமான காலத்தில் உங்கள் குடும்பத்துக்கு எங்கள் அனுதாபங்கள் என்று இருந்தது. அவர்களை ஏசலாமென்று எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன். ஏசுவதற்கு ஒரு பிழையும் அகப்படவில்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி, நான் எழுதியது பொய்ப் பதில்.

ஆஸ்பத்திரிக் கணக்கை எப்படித் தீர்த்தோம் என்பதை எழுதப் போவதில்லை. குழாய் வைத்தார்கள், காய்ச்சல் இறங்கியது, மஞ்சள் பாதி இறங்கியது. தாதியும் இல்லை, படுக்கையும் இல்லை. இருக்கையில் இருந்தபடியே போகலாம் என்று அந்த இளம் வைத்தியர் விமானக் கம்பனித் தாளில் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சாதாரண இருக்கையில், ஒரு நாள் முழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தார். விமானம் குலுங்கியபோது நான் கையை நீட்டினேன். அவர் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

மெல்பேர்னுக்கு அம்மாவை உயிரோடு கொண்டுவந்துவிட்டேன். நான் கேட்டது அதுதான், கிடைத்தும் விட்டது.

டார்னெய்ட் வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டோம். கிழமைக்கு இரண்டு தடவை வீட்டுக்கு ஒரு தாதி வருவார், நோயைப் பார்க்க அல்ல, நோவைக் குறைக்க. நான் வேலைக்கு விடுப்பு எடுத்து எல்லாம் செய்தேன். கழுவினேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா நன்றி சொன்னார். தாங்ஸ் பிள்ளை, தாங்ஸ் பிள்ளை. என் வாழ்நாளில் அம்மா எனக்கு நன்றி சொன்னதில்லை, ஏசித்தான் பழக்கம். ஒரு தடவையாவது வாய்க்கு வந்தபடி ஏசமாட்டாரா என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். மாமா தினமும் கூப்பிடுவார். அம்மா அவரோடும் மரியாதையாகப் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

தாதி முதல் நாள் வந்தபோது நான் வழக்கம்போலக் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றேன். அவர் ஏதோ கேட்டார், நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தாதியைப் பார்த்து, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் கூட்டி, மகள் வேண்டாம், டெலிபோன் என்றார். தாதிக்கு உடனே விளங்கிவிட்டது. இலக்கத்தைத் தட்டி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளரின் குரல் வணக்கம் சொன்னதும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ கொஞ்சம் வெளியில நில்லு. கதவைச் சாத்திப்போட்டுப் போ."

நான் குசினியில் போய் நின்றேன். கதவுக்கு அப்பால் குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. அம்மா நிறையப் பேசினார். அத்தனை மாதமும் வைத்தியரிடம் கேட்கச் சொல்லி என்னிடம் கொடுத்த கேள்விகளையா, புதிதாக ஏதாவதையா, தெரியவில்லை. இடையில் ஒரு தடவை நீண்ட நேரம் தாதி மட்டும் பேசினார், பிறகு மொழிபெயர்ப்பாளர் மட்டும் தமிழில் பேசினார். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். தாதி வெளியே வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அம்மா என்ன கேட்டார் என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் சொல்லமாட்டார் என்பது என் வேலையில் எனக்குத் தெரிந்த விஷயம்.

உள்ளே போனேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், இமை ஈரமாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் இருந்து, என்ன சொன்னவை அம்மா என்று கேட்டேன்.

"அது எனக்குச் சொன்னது," என்றார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். தாதி வந்தபோதெல்லாம் நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.